ஏழாவது நிமிடமும் டம்ளர் மாமாவின் சொந்த ரூட்டரும்

இந்தத் தேசத்தில் கல்யாண வீட்டுக்குச் சொந்த நாற்காலியோடு போன ஒரே மனிதர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். வேறு ஊரில் இன்னொருவர் உண்டு என்று யாராவது கடிதம் போட்டால் நான் நம்பப் போவதில்லை. ஏனென்றால் நான் அந்த நாற்காலியைச் சுமந்தவன். மடக்கு நாற்காலிதான், ஆனால் இரும்பு. மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலி வரிசையாகப் போட்டிருக்கும். நாங்கள் ஐந்நூற்று ஒன்றாவதைத் தூக்கிக்கொண்டு, பன்னீர் தெளிக்கிற பெண்களின் சேலையில் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நுழைவோம்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் டம்ளர் மாமா. டீக்கடைக்குப் போனால் சட்டைப் பையிலிருந்து சொந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டுவார். முடிவெட்டிக்கொள்ளச் சொந்தக் கத்தரிக்கோல், சொந்தச் சீப்பு, போர்த்திக்கொள்ளச் சொந்தத் துணி. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கச் சங்கிலி வெயிலில் கிடந்து நீண்டுவிட்டது என்று சர்வீஸ் முழுக்கச் சொந்தச் சங்கிலியால் நிலம் அளந்திருக்கிறார். அவர் அளந்த நிலத்தில் வழக்கே வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். வழக்குப் போட்டால் இவர் சாட்சி சொல்ல வருவாரே என்று இரண்டு பக்கமும் பயந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

2006-ல் நான் அவர் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். எனக்குச் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வந்துவிடுவேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பேன் என்று தெரியாத்தனமாக முதல் நாளே சொல்லிவிட்டேன். அன்று முதல் மாமாவின் கணக்கில் நான் கம்ப்யூட்டர் நிபுணன். சனியனை விலைக்கு வாங்கினேன் என்று வையுங்கள்.

ஒரு நாள் டீக்கடையில் எரிச்சலாகக் கேட்டே விட்டேன், இந்த டம்ளர் எதற்கு மாமா, கடைக்காரன் கிளாஸைக் கழுவித்தானே தருகிறான் என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"சர்வேக்குப் போன ஊர்ல ஒரு கடை சார். எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸு. எனக்கு மட்டும் கொட்டாயில சொருவி வெச்சிருந்த அலுமினிய கிளாஸு. குடிச்சிட்டு நானே கழுவி சொருவணும். காலைல அவன் நெலத்த அளந்து குடுத்ததே நான்தான். மறுநாளு என் டம்ளரக் கொண்டு போய் நீட்டுனேன். ஊத்துன்னேன். ஊத்துனான்."

அன்றோடு டம்ளரைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். நாற்காலியை விடவில்லை. அதைச் சுமந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதரை அடக்கி ஆண்ட ஒரே ஆள் அவர் மனைவி. டீச்சரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் பேச்சு என்றால் அது டீச்சரம்மாவின் பேச்சு. மாடியில் இருந்துகொண்டே அவர் கீழே மாமாவைத் திட்டுவதைக் கேட்டு நான் பல புதிய சொற்களைக் கற்றிருக்கிறேன்.

நான் குடிபோன மறு வருஷம் டீச்சரம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. கை போனதை அவர் பொருட்படுத்தவில்லை. பேச்சு போனதில் இடிந்துபோனார். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்: தினமும் பேச வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் வாக்கியத்தை அவரே முடிக்க வேண்டும், மற்றவர்கள் யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பேசப் பேச வரும், விட்டால் வராமலே போய்விடும்.

மாமாவோடு பேச டீச்சரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. திக்கித் திக்கி இந்த ஆளிடம் பேசுவதா என்கிற ரோஷம். புருவத்தாலேயே ஆணை பிறப்பிப்பார். அவர் வாய் திறந்தது ஒரே ஒருத்தியிடம்தான். அமெரிக்காவில் நர்சாக இருந்த மகள் பாப்பாவிடம். ஆக, பாப்பாவோடு தினமும் பேசினால் டீச்சரம்மாவுக்குப் பேச்சு திரும்பும், இல்லாவிட்டால் இல்லை. மாமாவுக்கு உலகத்தில் வேறு பிரச்சினையே இல்லாமல் போயிற்று.

பாப்பா முதலில் போன் கார்டு வாங்கிப் பேசினாள். டீச்சரம்மா ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று நடுவில் ஒரு பெண் குரல் குறுக்கிடும். அந்தக் குரலைக் கேட்டதும் டீச்சரம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பாப்பா இன்டர்நெட் போன் அனுப்பினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் ஒரு ஒயரை வீட்டு இன்டர்நெட்டில் சொருக வேண்டும், இன்னொன்றைச் சாதாரண வீட்டு போனில் சொருக வேண்டும். அங்கே பாப்பா உள்ளூர் நம்பர் போட்டால் இங்கே மஞ்சக்குப்பத்தில் மணி அடிக்கும். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம், கேட்பாரில்லை. கறுப்புப் பெட்டி பாப்பாவுடையது என்பதால் மாமா அதை வீட்டுக்குள் விட்டார். அதை இன்டர்நெட்டோடு இணைக்கிற ரூட்டர் பெட்டி மட்டும் இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொடுத்தது. "ஓசிப் பொட்டி" என்று அதை ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

மணி அடித்தது. டீச்சரம்மா பேசினார். ஏழாவது நிமிடம் லைன் அறுந்தது.

மறுநாளும் ஏழாவது நிமிடம். அதற்கு மறுநாளும். மாமா தன் சர்வே நோட்டில் எழுதி வைத்தார்: ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடி, ஏழு நிமிடம் பத்து வினாடி. டீச்சரம்மாவுக்கு ஒரு வாக்கியம் முடிக்க அப்போது மூன்று நிமிடம் ஆகும். இரண்டு வாக்கியம் முடிந்து மூன்றாவதில் பாதிக் கிணறு தாண்டும்போது பாப்பா போய்விடுவாள். டீச்சரம்மா ரிசீவரை வைக்காமல் மீதியைச் சுவரைப் பார்த்துச் சொல்லி முடிக்கப் பார்ப்பார். வராது. கண் கலங்கும். இரண்டு வாரத்தில், மணி அடித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். அதைப் பார்த்த அன்றுதான் மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் போன் கம்பெனியைப் பிடித்தார். எந்த போனில்? அதே போனில். அமெரிக்கக் குரல் ஒன்று பெயர், ஊர், நலம் எல்லாம் விசாரிக்கும். மாமா சர்வேயர் அல்லவா, நான்கு எல்லையும் சொல்லித்தான் விஷயத்துக்கு வருவார். அந்தக் குரல் சரி, என்ன பிரச்சினை என்று கேட்கிற நேரம் ஏழாவது நிமிடம். அடுத்த முறை வேறு ஆள், மறுபடி முதலிலிருந்து. ஒன்பது பேரிடம் இப்படி அறுபட்டார். பத்தாவது ஆளுக்காக, பிரச்சினையை ஒரு தாளில் எழுதி, என்னை வைத்து ஒத்திகை பார்த்து, மூச்சு விடாமல் இரண்டே நிமிடத்தில் வாசித்தார்.

பத்தாவது ஆள் புண்ணியவான். கோளாறு அந்த ஓசிப் பெட்டியில்தான் என்றான். கொஞ்ச நேரம் ஆனதும் பேச்சு முடிந்துவிட்டதென்று அது தானாக முடிவு கட்டிக் கதவைச் சாத்திவிடுகிறதாம். நல்ல ரூட்டர் ஒன்றை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், எங்கள் போன் அதில் தாராளமாக வேலை செய்யும், ஆனால் அதை அமைத்துத் தருவது எங்கள் பொறுப்பல்ல என்றான்.

உங்கள் சொந்த ரூட்டர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் சரி என்று சொல்லிவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு.

அடுத்து கடலூரில் இன்டர்நெட் கம்பெனி அலுவலகம். அங்கே இருந்தவர், நாங்கள் கொடுத்த பெட்டிதான் வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் என்ன ஆனாலும் உங்கள் சொந்தப் பொறுப்பு என்று மிரட்டினார். மாமா, அதையே ஒரு பேப்பரில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொண்டுதான் வந்தார். உட்கார நாற்காலி நான்தான் கொண்டு போயிருந்தேன்.

கடலூர்க் கடையில் ரூட்டர் மெட்ராஸிலிருந்து அடுத்த வாரம் வரும் என்றார்கள். நான்கு அடுத்த வாரம் போயிற்று. டீச்சரம்மா பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். மாமா பொறுமை இழந்து, பாதி வீட்டு ஆண்கள் அரபு நாட்டில் இருக்கிற பரங்கிப்பேட்டையில் கிடைக்காத சாமானா என்று கிளம்பினார். சிதம்பரத்தில் வேலையாக இருந்த என்னை, பரங்கிப்பேட்டைக்கு ரோடு பிரிகிற பி.முட்லூருக்கு வந்து நிற்கச் சொன்னார். நான் அரை நாள் லீவு போட்டேன். காரணம், வயிற்றுவலி. ரூட்டர் வாங்கப் போகிறேன் என்று எழுதினால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

பரங்கிப்பேட்டையில் பாரின் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருவர், சென்ட் பாட்டிலுக்கும் தைல டப்பாவுக்கும் நடுவிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்தார். ரூட்டரேதான். யாரோ பயணத்திலிருந்து கொண்டுவந்து, வீட்டில் இது என்னவென்று தெரியாமல் கடையில் கொடுத்தது. மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி, ஒயரைச் சொருகி, ரூட்டரை அமைக்கிற திரையைத் திறந்தோம். வலமிருந்து இடமாக அரபி. ஒரு எழுத்து இங்கிலீஷ் இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் மாமா என்றேன்.

"என்னாத்துக்கு? வாங்கியாச்சு. இது என் ரூட்டர். அதுக்கு தமிழ் தெரியலன்னா அது நம்ம பிரச்சன."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கார பாயையே வீட்டுக்கு வரவழைத்தார். பாய் குர்ஆன் ஓதினால் தெருவே நின்று கேட்கும் என்று ஊரில் பேர். வந்தவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். மேலேயும் கீழேயும் ஜேர் ஜபர் கோடு எதுவுமே போடவில்லையே, கோடு இருந்தால்தானே எந்த எழுத்தை எப்படி உச்சரிப்பதென்று தெரியும் என்றார். இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு குத்துமதிப்பாக வாசித்தார். ஆஹா, என்ன குரல். டீச்சரம்மாகூட அறையிலிருந்து தலையைத் திருப்பினார். அர்த்தம் என்ன பாய் என்று மாமா கேட்டார். பாய் அமைதியாகச் சொன்னார், எனக்கு வாசிக்கத்தான் தெரியும் என்று.

அர்த்தம் தெரிந்தவர் ஒருவர் உண்டாம். பாயின் தங்கையைக் கட்டியவர், சவூதியில் டம்மாமில் இருபது வருஷம் லாரி ஓட்டித் திரும்பியவர். பேச்சு அரபி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் வாசிக்க வராது. சின்ன வயதில் ஓதப் போகாமல் வெள்ளாற்றில் தூண்டில் போடப் போனவராம். சரி, இருவரையும் சேர்த்து உட்கார வைப்போம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். ஒரு கல்யாண விருந்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று மச்சான்கள் இருவரும் நான்கு வருஷமாகப் பேசுவதில்லை.

மாமா விடுவாரா? அடுத்த ஞாயிறு லாரிக்கார பாயை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்து, என் வீட்டு டீச்சருக்குப் பேச்சு வரணும், உங்கள் சண்டையை என் வாசலில் கழற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். இருவரும் திரைக்கு முன்னால் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கடைக்கார பாய் வாசிப்பார், சுவரைப் பார்த்து. லாரிக்கார பாய் அர்த்தம் சொல்வார், மாமாவைப் பார்த்து. மாமா தலையை ஆட்டுவார், நான் அமுக்குவேன். சர்வே நோட்டில் மாமா ஒவ்வொரு திரையையும் நிலம் மாதிரி வரைந்து, வடகிழக்கு மூலையில் இருந்து மூன்றாவது பொத்தான் என்று குறித்துக்கொண்டார்.

முதல் திரையிலேயே ஆபத்து. கடைக்கார பாய் "கலிமத்துல் முரூர்" என்று வாசித்ததும் லாரிக்கார பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"முரூர்னா அங்க டிராபிக் போலீஸு அய்யா. இந்தப் பொட்டிக்கு போலீஸ் எதுக்கு?"

அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தோம். யோசித்து யோசித்து, கடந்து போகிறதுக்கும் அந்த வார்த்தைதான், கடந்து போவதற்கான ஒரு சொல்லைக் கேட்கிறது என்றார். பாஸ்வேர்டு என்று கத்தினேன். அன்றைக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

ஓசிப் பெட்டி எதிலும் தலையிடாமல் இன்டர்நெட்டை அப்படியே உள்ளே விட வேண்டும், மற்றதெல்லாம் சொந்த ரூட்டர் பார்த்துக்கொள்ளும். மாமா அதை பாய்களுக்கு விளக்கினார், அது இனிமேல் வெறும் வாய்க்கால், மடை நம் கையில் என்று. ஓசிப் பெட்டியை முடக்கியாயிற்று. கடைசியாக ஒன்று பாக்கி. வீட்டில் வேறு யார் இன்டர்நெட்டை இழுத்தாலும் போன் பேச்சுக்குத்தான் முதல் வழி என்று ரூட்டரிடம் சொல்ல வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் தேடினோம். கடைக்கார பாய் ஒரு வார்த்தையை "ஸூத்" என்று வாசித்தார். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்றார் லாரிக்காரர். எழுத்து இருக்கிறது, கிடையாது என்றால் எப்படி என்றார் கடைக்காரர், சுவரிடம். லாரிக்கார பாய் உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். சட்டென்று திரும்பி, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பேசினார்.

"ஸோத்தா இருக்கும் மச்சான். ஸோத்னா கொரலு. கொரலுதான இவுங்களுக்கு வேணும்?"

கடைக்கார பாய் திரையை உற்றுப் பார்த்தார். "கோடு போடாம வுட்டா நான் என்னா மச்சான் பண்ணுவேன்" என்றார். அப்புறம் இருவரும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்களைக் கேட்காமலே குரலுக்கு முதல் இடம் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து மூடப் போகும்போது, மூலையில் கிடந்த ஒரு வார்த்தையையும் கடைக்கார பாய் வாசித்தார். லாரிக்கார பாய், அது பாஷை என்றார். அமுக்கினால் இங்கிலீஷுக்கு மாறிவிடுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி கெடிலம் ஆற்றில் போட்டிருப்பேன். மாத்திடட்டுமா அய்யா என்று அவர் கேட்க, மாமா கையைப் பிடித்துத் தடுத்தார். ஓடுகிறதைத் தொடக் கூடாதாம். அதற்கப்புறம் நான் அங்கே இருந்த ஐந்து வருஷமும், கரண்ட் போய் வந்து ரூட்டர் மக்கர் செய்தால், மச்சான்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் சேர்ந்து வந்து இறங்கினார்கள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு போன் அடித்தது. அங்கே பாப்பா ராத்திரி டூட்டி முடித்து வந்திருப்பாள். டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா ஒன்றும் கெஞ்சவில்லை. ரிசீவரை அவர் இடது காதில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உள்ளிருந்து பாப்பா அம்மா அம்மா என்று கூப்பிடுவது எங்களுக்கே கேட்டது. டீச்சரம்மா மெதுவாக வாய் திறந்தார்.

நான்காவது நிமிடம். ஆறாவது நிமிடம். மாமா கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழு ஆனபோது பாய்கள் இருவரின் உதடும் சத்தமில்லாமல் அசைந்தன. ஏழு பன்னிரண்டு. ஏழு இருபது. எட்டு. லைன் அறுபடவில்லை. எட்டு நிமிடம் ஆனது டீச்சரம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அவர் தன் வாக்கியத்தில் இருந்தார்.

"ஒங்கப்பா... நாலு மாசமா... இந்தப் பொட்டியவே... கட்டிக்கிட்டு... அழுவுறாரு. கஞ்சில... உப்பு... போடறதே இல்ல. கேட்டா... டாக்டரு வேணாம்னாராம். பொய்யி."

பாப்பா அந்தப் பக்கம் சிரித்தாளோ அழுதாளோ தெரியவில்லை. டீச்சரம்மா நிறுத்தவில்லை. தலைகாணி உறை மாற்றாதது, கண்ட நேரத்தில் ஆட்களைக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைப்பது, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து அடுக்கினார். எந்த வார்த்தையையும் நாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை. இருபது நிமிடம் தாண்டியது, முப்பது தாண்டியது. மாமா எழுந்து வாசல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். இவ்வளவு பாடுபட்ட மனிதரை இப்படித் திட்டித் தீர்க்கிறாரே என்று எனக்கே பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா என்றேன்.

திரும்பினார். கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"கொற சொல்றா சார்" என்றார். "முழுசா சொல்றா."

அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த வாசலிலேயே போயிற்று. இன்றுவரை திரும்பி வரவில்லை.